மீண்டு வருதலும் மீண்டும் பயன்படுதலும்

ஒவ்வொரு காலத்திலும் ஏதேனும் ஒரு சொல் பெருவழக்காய் நிலவுதல் உலகியல்பு. நம் காலத்தில் அங்ஙனம் பெருவழக்குற்ற சொற்களுள் மறுபயன்பாடு என்பது ஒன்று. விண்ணிற் செலுத்தும் இராக்கெட்டைப்பற்றிப் பேசுவோரும் இச்சொல்லைக் கூறுகின்றனர். கடைத்தெருவிற் பை விற்போரும் கூறுகின்றனர். கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதும் ஆராய்ச்சியாளரும் கூறுகின்றனர். மூவரும் ஒரு சொல்லையே வழங்கினும் ஒரு பொருளையே கருதுகின்றனரா என்பது ஆராயத்தக்கது. ஒருமுறை பயன்பட்ட பொருள் மறுமுறையும் பயன்படுதல் நன்று என்பதைப் பொதுவாக யாவரும் ஒப்புவர். ஆனால், எப்பொருள், எந்நிலையில், யாருடைய பொறுப்பில், எத்தனை முறை என்னும் வினாக்களுக்கு விடை காணாமற் சொல்லை மட்டும் போற்றுதல் பயனற்றது என்பது நம் கருத்து. இதனை விளக்கி, நம் கல்லூரியில் நாம் செய்யத்தக்க சில காரியங்களையும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுக்கோட்டை மாவட்டத்தைச் சார்ந்த ஆவூர் நம் மாணவர் பலர்க்கும் அறிமுகமான ஊர். சேசு சபைக் குருவாகிய பூஷே அடிகள் அமைத்த பழைய சிற்றாலயமும், 1747-ம் ஆண்டில் எழுந்த பெரிய ஆலயமும் அவ்வூருக்குப் பெருமை தருவன. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் அங்கே பணி புரிந்தவர். உயிர்ப்பு விழாவை ஒட்டிய நாட்களில் நிகழும் பாடுகளின் நாடகத்தையும் தேர்த்திருவிழாவையும் காணச் சுற்றுப்புறத்து மக்கள் திரளாகக் கூடுவர். கோயில் தேராயினும் ஆலயத் தேராயினும், தேர் உள்ள ஊரில் வளர்ந்தவர்க்கு மறுபயன்பாட்டின் இலக்கணத்தை வேறொருவர் கற்பிக்க வேண்டுவதில்லை.

தேரின் அடிப்பீடமும் அச்சும் சக்கரமும் தலைமுறை தலைமுறையாய் நிற்பவை. மேலே கட்டும் மூங்கிலும் துணியும் மலரும் ஆண்டுதோறும் புதியவை. வடம் தேய்ந்தால் மாற்றுவர். திருவிழாவுக்கு முன்னரே தச்சனும் கொல்லனும் வந்து அச்சைத் தட்டிப் பார்ப்பர். ஆணிகளைச் சரி செய்வர். அவர்கள் நன்று என்று கூறிய பின்னரே ஊரார் வடத்தில் கை வைப்பர். தேர் தெருவெல்லாம் சுற்றி வந்து தன் நிலையில் நின்றாலன்றித் திருவிழா முடிந்ததாக எவரும் கொள்ளார். இழுத்துத் தெருவில் விட்ட தேர் ஊருக்கு இழுக்கு. ஆகவே, ஒரு பொருள் மீண்டும் பயன்பட வேண்டுமாயின் அதற்கு மூன்று வேண்டும்: அது திரும்பி வந்து சேர ஒரு நிலை, திரும்பி வந்ததைச் சோதிக்க ஒரு கை, அதனை வலிதாய்ச் செய்த செலவிற்கு ஈடாகத்தக்க நெடும் பயன். இம்மூன்றனுள் ஒன்று குறையினும் மறுபயன்பாடு வெறும் பேச்சாய் முடியும். இவ்வளவுகோலைக் கொண்டு மேற்கூறிய மூன்று துறைகளையும் அளந்து பார்ப்போம்.

முதலாவது, இராக்கெட்டு. நம் நாட்டிலிருந்து செல்லும் பெரிய இராக்கெட்டுகள் இன்றுவரை ஒருமுறை பயன்பாட்டினவே. திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் எஞ்சின்களைப் பன்முறை எரித்துச் சோதிக்கின்றனர். ஸ்ரீஹரிகோட்டாவில் அடுக்கடுக்காய்ச் சேர்த்து நிறுத்துகின்றனர். ஏவிய சில நிமிஷங்களில் கீழடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடலில் வீழ்ந்து மறைகின்றன. பல மாதம் பாடுபட்டுச் செய்த அருமையான யந்திரங்களின் வாழ்நாள் நிமிஷக் கணக்கில் முடிகிறது. தேரைச் செய்து ஒரு தெரு இழுத்தவுடன் ஆற்றில் தள்ளுவதை இஃது ஒக்கும்.

இக்குறையை நீக்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் படிப்படியாய் முயன்று வருகிறது. 2007-ம் ஆண்டு ஜனவரி 10-ம் நாள் விண்ணிற் சென்ற 550 கிலோகிராம் எடையுள்ள மீட்புக்கலம் ஒன்று, ஜனவரி 22-ம் நாள் வங்காள விரிகுடாவில் இறங்கி மீட்கப்பெற்றது. விண்ணிலிருந்து வெந்து கரியாகாமல் ஒரு பொருளைத் திரும்பப் பெறலாம் என்பதை அது காட்டிற்று. 2016-ம் ஆண்டு மே மாதம் 23-ம் நாள் சிறகுடைய ஒரு சோதனை ஊர்தி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பெற்று, ஏறத்தாழ 65 கிலோமீட்டர் உயரம் சென்று, ஒலியினும் சுமார் ஐந்து மடங்கு விரைவில் வளிமண்டலத்தில் மீண்டு, கடல்மீது குறித்த இடத்தை அடைந்தது. அது கடலில் அமிழ்ந்துபோதல் முன்னரே கருதியதே. மீளும் வழியை அறிதலே அன்றைய நோக்கம்.

அடுத்த படி தரையில் இறங்குதல். கர்நாடகத்துச் சித்திரதுர்க்கத்தை அடுத்த சள்ளகெரெயில் உள்ள ஓடுதளத்தில் 2023-ம் ஆண்டு ஏப்ரல் 2-ம் நாளும், 2024-ம் ஆண்டு மார்ச்சு 22-ம் நாளும், ஜூன் 23-ம் நாளும் மூன்று சோதனைகள் நடந்தன. ஹெலிகாப்டர் ஒன்று சிறகூர்தியை ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் உயரம் தூக்கிச் சென்று விட்டுவிட, அவ்வூர்தி ஆளில்லாமலே தன் வழியைத் தானே திருத்திக்கொண்டு ஓடுதளத்தில் இறங்கிற்று. தரை தொடும்பொழுது அதன் வேகம் மணிக்கு 320 கிலோமீட்டருக்கு மேற்பட்டது. பின்புறம் விரிந்த பாராசூட்டு அதனை மணிக்கு 100 கிலோமீட்டர் அளவிற்குக் குறைத்தது. இவற்றுள் நாம் கருத வேண்டுவது ஒன்று உண்டு. இரண்டாம் சோதனையில் இறங்கிய உடலும் கருவிகளுமே மூன்றாம் சோதனையிலும் மாற்றமின்றிப் பயன்பட்டன. இறங்கியதையே எடுத்து மறுபடியும் பறக்கவிட்ட அந்நாளே மறுபயன்பாட்டின் உண்மையான தொடக்கம் என்று நாம் கருதுகிறோம். நம் தமிழ்நாட்டிலும் 2024-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ம் நாள், சென்னைக்குத் தெற்கேயுள்ள திருவிடந்தையிலிருந்து, பாராசூட்டால் மீளும் வகையில் அமைத்த சிறு இராக்கெட்டு ஒன்றை ஒரு தனியார் நிறுவனம் ஏவிற்று. அது வளிமண்டலத்தை ஆராயும் சிறு முயற்சியே யாயினும் இளைஞர்க்கு ஊக்கமளிப்பது.

நிற்க. மீண்டு வந்தால் மட்டும் போதுமோ? அமெரிக்க நாட்டார் 1981-ம் ஆண்டு முதல் 2011-ம் ஆண்டுவரை செலுத்திய விண்வெளி ஓடங்கள் 135 முறை விண்ணிற்குச் சென்றன. பலமுறை பயன்படுவதால் மலிவாகும் என்று எண்ணியே அவற்றை அமைத்தனர். ஆனால், ஒவ்வோர் ஓடத்தின் உடலிலும் வெப்பந் தாங்கும் ஓடுகள் இருபதினாயிரத்திற்கு மேல் ஒட்டப்பெற்றிருந்தன. ஒவ்வொரு பயணத்தின் பின்னரும் அவற்றை ஒவ்வொன்றாய்ப் பார்த்துச் செப்பனிட வேண்டியிருந்தது. பெரிய எரிபொருட்டொட்டியோ ஒவ்வொரு முறையும் புதிது. ஆதலின் எதிர்பார்த்த மலிவு கைகூடவில்லை. 1986-ம் ஆண்டிலும் 2003-ம் ஆண்டிலும் நேர்ந்த இரு விபத்துக்களில் 14 பேர் உயிர் துறந்தனர். பின்னதில் மாண்டவருள் நம் நாட்டிற் பிறந்த கல்பனா சாவ்லாவும் ஒருவர். வந்ததைச் சோதித்துத் திருத்தும் செலவு, புதிதாய்ச் செய்யும் செலவை நெருங்குமாயின், மறுபயன்பாட்டின் ஊதியம் மறைந்துபோகும் என்பது இதனாற் புலனாம்.

இதற்கு மாறாக, ஸ்பேஸ் எக்ஸ் என்னும் நிறுவனத்தின் பால்கன் 9 இராக்கெட்டு 2015-ம் ஆண்டு டிசம்பரில் தன் கீழடுக்கைத் தரையில் நிமிர்ந்து நிற்குமாறு இறக்கிற்று. 2017-ம் ஆண்டு மார்ச்சு 30-ம் நாள், முன்பு பறந்த கீழடுக்கு ஒன்று மறுபடியும் பறந்தது. 2025-ம் ஆண்டிற்குள் ஒரே கீழடுக்கு 30 முறை பறந்தமையும் கண்டோம். அவர்கள் முழு இராக்கெட்டையும் மீட்க முயலவில்லை. ஒன்பது எஞ்சின்கள் பொருந்திய, விலைமிக்க கீழடுக்கை மீட்டு, மேலடுக்கைப் போக விட்டனர். மீள்வதற்கென எரிபொருளில் ஒரு பகுதியைச் சேமித்து வைக்க வேண்டியிருத்தலின், மேலே கொண்டு செல்லும் சுமை குறைதலையும் உடன்பட்டனர். ஆண்டில் நூற்றுக்கு மேற்பட்ட முறை ஏவுதலால் அக்குறையை ஈடு செய்தனர். ஆண்டில் ஒருசில முறையே ஏவும் நாடு இக்கணக்கை அப்படியே பின்பற்றுதல் இயலாது. தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024-ம் ஆண்டு பிப்ரவரி 28-ம் நாள் அடிக்கல் நாட்டப்பெற்றது. ஏவுதல்கள் பெருகினாலன்றி மீட்சியின் செலவு ஈடாகாது. எதனை மீட்பது, எதனை விடுவது, எத்தனை முறைக்குப் பின் ஆதாயம் என்னும் கணக்கே இதன் உயிர்நாடி.

இனி வீட்டுப் பொருள்களை நோக்குவோம். விண்ணிற் கண்ட கணக்கே வீட்டிலும் நடக்கிறது. நம் முன்னோர் பித்தளைப் பாத்திரம் தேய்ந்தால் ஈயம் பூசினர். உடைந்தால் பழையதைப் போட்டுப் புதியதை வாங்கினர். கோலி சோடாப் புட்டியைக் கடைக்காரன் வெளியே கொண்டுபோக விடான். குடித்தவன் அவ்விடத்திலேயே வைத்துச் செல்வான். புட்டிக்கு ஒரு நிலை இருந்தது. கழுவுவதற்கு ஒரு கை இருந்தது. அதனால் ஒரு புட்டி பல்லாண்டு உழைத்தது. பிளாஸ்டிக் உறை வந்தபொழுது நாம் இழந்தது கண்ணாடியை மட்டுமன்று. பொருள் திரும்பிச் செல்லும் வழியையே இழந்தோம்.

தமிழ்நாட்டு அரசாங்கத்தார் 2019-ம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடுத்தனர். 2021-ம் ஆண்டு டிசம்பர் 23-ம் நாள் மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கத்தைத் தொடங்கினர். நோக்கம் பாராட்டத்தக்கதே. ஆயினும் நம் வீடுகளின் நிலையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். கலியாண வீடுதோறும் தாம்பூலப் பை தருகின்றனர். கடைதோறும் துணிப்பை தருகின்றனர். அலமாரியில் இருபது முப்பது பைகள் அடுக்கிக் கிடக்கின்றன. கடைக்குப் புறப்படுவோர் கையில் ஒன்றுமில்லை. பருத்தியை விளைத்து, நூற்று, நெய்து, சாயமேற்றித் தைத்த பைக்கு ஆகும் நீரும் ஆற்றலும் சிறிதல்ல. பருத்திப் பை ஒன்றை 131 முறை பயன்படுத்தினாலன்றி, வெப்ப வாயுவின் கணக்கில், மெல்லிய பிளாஸ்டிக் பையினும் அது மேம்பட்டதாகாது என்று இங்கிலாந்துச் சுற்றுச்சூழல் அலுவலகத்தார் 2011-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி கூறுகிறது. பிளாஸ்டிக்கு ஆடு மாடுகளின் வயிற்றிலும் வாய்க்காலிலும் செய்யும் கேடு இக்கணக்கிற் சேராது. அதனால் துணிப்பையை விட்டுவிட வேண்டுமென்று நாம் கூறவில்லை. முப்பது பைகளை வைத்திருப்பவர் மறுபயன்பாட்டாளர் அல்லர், ஒரு பையைக் கந்தலாகும்வரை சுமப்பவரே அப்பெயருக்குரியர் என்கிறோம். மறுபயன்பாடு பொருளின் குணமன்று, பயன்படுத்துவோரின் பழக்கம்.

பழக்கத்தைச் சட்டமும் துணை செய்யலாம் என்பதற்கு நீலகிரியில் ஒரு சான்று உண்டு. காட்டிலும் மேய்ச்சல் நிலத்திலும் எறியப்பட்ட மதுப்புட்டிகள் விலங்குகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர்நீதி மன்றத்தின் தலையீட்டால், 2022-ம் ஆண்டு மே மாதம் 15-ம் நாள் முதல் அம்மாவட்டத்தில் ஒவ்வொரு புட்டிக்கும் 10 ரூபாய் மிகுதியாய் வாங்கி, வெறும் புட்டியைத் திருப்பித் தந்தோர்க்கு அதனை மீளக் கொடுக்கும் முறை ஏற்பட்டது. புட்டிகள் திரும்பி வரலாயின. பின்னர் வேறு மாவட்டங்கட்கும் அம்முறை பரவிற்று. மதுவை நாம் ஆதரிப்போமல்லேம். ஆயினும் பத்து ரூபாய் கற்பித்த பாடம் மறுக்கத்தக்கதன்று. திரும்பும் வழியைத் திறந்து வைத்து, திருப்புவோர்க்குச் சிறு ஊதியமும் காட்டினால், எறியும் கையே எடுத்து வருகிறது. பாலுக்கும் நீருக்கும் இம்முறை வந்தால் எத்துணை நன்றாம்!

மூன்றாவது, ஆராய்ச்சி மென்பொருள். இத்துறை நமக்குப் புதிதெனத் தோன்றினும், இதன் உட்கருத்து நம் நாட்டில் நெடுங்காலம் வேரூன்றியது. அச்செழுத்து என்பது யாது? ஒருமுறை வார்த்த எழுத்தைக் கோத்து ஒரு நூலை அச்சிட்டு, பின் அதனையே பிரித்து வேறு நூலுக்குக் கோப்பது. 1578-ம் ஆண்டில் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் அச்சான நாள் முதல் தமிழ் இவ்வழியிற் பழகியுள்ளது. தரங்கம்பாடியிற் சீகன்பால்கு ஐயர் காலத்தில், பெரிய எழுத்துக்கள் காகிதத்தை மிகுதியாய் விழுங்கியமையால் சிறிய எழுத்துக்கள் வார்க்கப்பட்டன. அதற்கு, இங்கிலாந்திலிருந்து வந்த பாற்கட்டிப் பெட்டிகளின் ஈயத் தகடு உதவிற்று என்பர். 1732-ம் ஆண்டில் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதி, நிகண்டுகளில் மனப்பாடஞ் செய்தோர்க்கே பயன்பட்டுக் கிடந்த சொற்செல்வத்தை அகர வரிசையில் நிறுத்தி, எவரும் எடுத்தாளுமாறு செய்தது. புதிய சொற்களைப் படைத்ததனால் அந்நூல் பெருமை பெறவில்லை. உள்ளவற்றைப் பிறர் மீண்டும் பயன்படுத்துமாறு அடுக்கிக் கொடுத்ததனாலேயே பெருமை பெற்றது. 1998-ம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தார் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் யாவர்க்கும் இலவசமாய் வழங்கி வருவதும் இம்மரபின் தொடர்ச்சியே.

இன்று இயற்பியலாயினும் உயிர்நூலாயினும் பொருளியலாயினும் ஆராய்ச்சி என்றால் கணிப்பொறி நிரலும் உடன் உண்டு. ஒருவர் எழுதிய நிரலை மற்றொருவர் எடுத்து ஓட்டிப் பார்க்க இயலாதாயின், அவர் கண்ட முடிவை நாம் நம்புதல் எங்ஙனம்? இதனை உணர்ந்த அறிஞர், 2016-ம் ஆண்டில் ஆராய்ச்சித் தரவுகளுக்கு நான்கு இலக்கணங்களை வகுத்தனர்: தேடினாற் கிடைக்க வேண்டும், கிடைத்ததை அணுக இயல வேண்டும், பிறவற்றோடு இயைய வேண்டும், மீண்டும் பயன்பட வேண்டும். 2022-ம் ஆண்டில் இவ்விலக்கணங்கள் ஆராய்ச்சி மென்பொருளுக்கும் ஏற்றவாறு விரிக்கப்பட்டன. நிரலோடு விளக்கம் வேண்டும். இன்னார் எழுதியது, இன்ன நாளில் மாறியது என்னும் குறிப்பு வேண்டும். பிறர் எடுத்தாளலாம் என்னும் உரிமமும் வேண்டும். உரிமம் இல்லாத நிரல் சட்டத்தின் முன் பூட்டிய வீட்டை ஒக்கும்; சன்னல் வழியே பார்க்கலாம், உள்ளே புகலாகாது.

ஆனால், மென்பொருள் தேய்வதில்லையே, அதனைச் சோதிக்க வேண்டுவது என்னை என்று சிலர் வினவலாம். அவர்க்கு விடையாக நிற்பது 1996-ம் ஆண்டு ஜூன் 4-ம் நாள் நிகழ்ந்த ஏரியன் 5 இராக்கெட்டின் அழிவு. ஐரோப்பியர் பல்லாண்டு உழைத்து அமைத்த அந்த இராக்கெட்டு, தென் அமெரிக்காவின் கூரூவிலிருந்து முதன்முறை எழுந்து ஏறத்தாழ 40 விநாடிகளில் வானத்திலேயே சிதறிற்று. உடன் சென்ற நான்கு செயற்கைக் கோள்களும் அழிந்தன. காரணம், முந்திய ஏரியன் 4 இராக்கெட்டில் நன்றாய் உழைத்த ஒரு மென்பொருள் பகுதியை அப்படியே எடுத்துப் பொருத்தியமை. புதிய இராக்கெட்டு பழையதினும் விரைவாகப் பக்கவாட்டிற் சென்றது. அவ்வேகத்தைக் குறிக்கும் எண் 32,767-ஐக் கடந்தது. அதற்கு மேற்பட்ட எண்ணைக் கொள்ளுதற்கு அந்நிரலில் இடமில்லை. துணைக் கருவியிலும் அதே நிரல் இருந்தமையால் அதுவும் உடன் செயலிழந்தது. இன்னும் வியப்பு யாதெனில், எழுந்த பின்னர் அப்பகுதி அந்த இராக்கெட்டிற்கு வேண்டுவதேயன்று. மென்பொருள் தேயவில்லை, அதைச் சூழ்ந்த உலகம் மாறிற்று. பழைய தெருவிற்கு ஏற்ற தேரைப் புதிய தெருவில் இழுக்குமுன் தெருவின் அகலத்தை அளத்தல் வேண்டும். முன்பு வென்றது என்பது இன்றும் வெல்லும் என்பதற்குச் சான்றாகாது.

இவ்விடத்தில் இரண்டு ஆட்சேபங்களை எடுத்துக்கொள்வோம். மறுபயன்பாடு வறியவரின் சிக்கனம், செல்வம் வளர்ந்த நாட்டிற்குத் தகாது என்பது ஒன்று. உலகிற் செல்வம் மிக்க நிறுவனமே தன் இராக்கெட்டைத் திரும்ப இறக்கிக் கழுவி ஏவுகின்றது என்பதைக் காண்போர் இதனைக் கூறார். எல்லாவற்றையும் மறுபடியும் பயன்படுத்துதலே அறம் என்பது இரண்டாவது. இதுவும் பிழையே. மருத்துவர் ஒருவர்க்குச் செலுத்திய ஊசியை மற்றொருவர்க்குச் செலுத்தலாகாது; அதனை ஒருமுறையோடு அழித்தலே உயிர் காப்பது. தூய்மை செய்து சோதித்தல் இயலாதவிடத்து எறிதலே முறை. ஆகவே, மறுபயன்பாட்டை அளவறிந்து கொள்ளவேண்டுமேயன்றி விரதமாகக் கொள்ளலாகாது.

இவையெல்லாம் கேட்ட பின்னர், நம் கல்லூரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீராயின், மிகவும் உண்டு என்போம். இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வுத்திட்டம் ஒன்று செய்தல் வழக்கம். வருகைப் பதிவேட்டு நிரல் எத்தனை முறை எழுதப்பட்டது! நூலக நிரல் எத்தனை முறை எழுதப்பட்டது! ஒவ்வோராண்டும் முதலிலிருந்து தொடங்கி, பாதியில் நின்று, பட்டை கட்டிய புத்தகமாய் அலமாரியை அடைந்து, பின்பு பழைய காகிதக் கடைக்குச் செல்கின்றன. தாமே செய்ய நேரமில்லை என்று நகரத்துக் கடைகளில் விலைக்கு வாங்கி வருவோரும் சிலர் உளர். ஆவூரைப் போன்ற சிற்றூர்களிலிருந்து, வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்து வரும் மாணவர்க்கு இஃது இருமடங்கு நஷ்டம். பெற்றோர் கடன் பட்டுக் கொடுத்த பணமும் போகிறது. தம் கையால் ஒன்றைச் செய்தோம் என்னும் துணிவும் வாய்ப்பதில்லை. வேலைக்குச் சென்றபின் அவர் முதலிற் செய்ய வேண்டுவது, பிறர் எழுதி வைத்த நிரலைப் படித்துத் திருத்துதலே. அதனையோ நாம் ஒரு நாளும் கற்பித்திலோம்.

ஆதலின் நம் கல்லூரித் தலைவர்க்கும் துறைத் தலைவர்க்கும் நாம் பணிந்து விண்ணப்பிப்பன வருமாறு. முதலாவது, மாணவர் செய்யும் நிரல்கள் யாவும் உரிமத்தோடும் விளக்கத்தோடும் கல்லூரியின் பொதுக் களஞ்சியம் ஒன்றில் வைக்கப்பட வேண்டும். விளக்கம் தமிழிலும் இருத்தல் நலம். இரண்டாவது, முந்திய ஆண்டு மாணவரின் நிரலை எடுத்து, அதன் பிழைகளைச் சோதித்து, மேலும் ஒரு படி உயர்த்துவதும் முழு மதிப்பெண்ணுக்குரிய ஆய்வுத்திட்டமாக ஏற்கப்பட வேண்டும். மூலத்தை எழுதினவர் பெயரை மறைத்தல் திருட்டு. பெயரைச் சொல்லி எடுத்து வளர்த்தல் கல்வி. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை மாணவர் இங்கே கற்றுச் செல்வாராக. மூன்றாவது, அக்களஞ்சியத்திற்குப் பொறுப்பாளர் ஒருவர் நியமிக்கப்பட வேண்டும். பொறுப்பாளர் இல்லாத பொதுப்பொருள் தெருவில் விட்ட தேரேயாம்.

நான்காவது சிறிய காரியமே எனினும் நாள்தோறும் கண்ணிற் படுவது. ஆண்டு விழாவிலும் விளையாட்டு விழாவிலும் காகிதக் குவளைகள் மலைபோற் குவிகின்றன. நீர் கசியாதிருக்க அவற்றின் உட்புறம் பிளாஸ்டிக்குப் பூச்சு உண்டு என்பதைப் பலர் அறியார். அவற்றிற்குப் பதிலாக எவர்சில்வர் தம்ளர்களைக் கல்லூரி வாங்கி வைத்தல் வேண்டும். வாங்குதல் எளிது, கழுவுதலும் எண்ணி வைத்தலுமே அரிது. இதற்கென மாணவர் சங்கங்கள் முறை வைத்துக்கொள்ளலாம். தாம் குடித்த தம்ளரைத் தாமே கழுவி வைப்பதை எவரும் இழிவாகக் கருதலாகாது. கழுவும் வேலையை எப்பொழுதும் ஒரு சாரார் தலையிலேயே சுமத்தும் பழக்கமும் அதனால் ஒழியும். பழைய மாணவர், தம் பெயர் பொறித்த நினைவுப் பரிசுகளை ஆண்டுதோறும் வழங்குவதை விட்டு, இத்தம்ளர்களுக்கும் களஞ்சியத்தை வைப்பதற்குரிய கணிப்பொறிக்கும் பொருளுதவி செய்வராயின், அவர் கொடை பல்லாண்டு பயன் தரும்.

மாணவ நண்பர்களே! புதியது படைக்கும் ஆசை இளமைக்கு இயல்பு. அதனைக் குறை கூறுவோமல்லேம். ஆயினும், முன்னோர் செய்து வைத்ததை ஆராய்ந்து எடுத்து, பழுது நீக்கி, தன் பின் வருவோர் எடுத்தாளுமாறு வைத்துச் செல்பவனும் படைப்பாளனே. நீவிர் இவ்வாண்டு எழுதும் நிரலையோ, செய்யும் கருவியையோ, தொகுக்கும் குறிப்பையோ, முடிக்குமுன் உம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வீராக: அடுத்த ஆண்டில், என்னை அறியாத ஒரு மாணவன், என்னிடம் வந்து கேளாமலே இதனை எடுத்துப் பயன்படுத்த இயலுமா? இயலும் என்று நெஞ்சறியக் கூறக்கூடுமாயின் உம் வேலை முடிந்தது. இயலாதாயின், இன்னும் ஒரு நாள் அமர்ந்து, அதற்கு வேண்டிய விளக்கத்தை எழுதி வைத்துவிட்டு எழுவீராக.